‘கடைசி அறை’யும் மாமாவின் 555 புத்தகமும்

கடந்த நவம்பரில் ஒரு புதன்கிழமை மாலை. தானா ராத்தாவில் காலையிலிருந்தே மழை. மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு பயண முன்பதிவுச் செயலியைத் திறந்து, சும்மா மாமாவின் தங்குமிடத்தையே தேடிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி தெரிந்தது: ‘எங்கள் தளத்தில் இன்னும் ஓர் அறை மட்டுமே மீதம்!’ அதன் கீழே இன்னொன்று: ‘இப்போது 6 பேர் இந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.’

மாமாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தவர் சிரித்துவிட்டார். “மூணு ரூம் காலியா கெடக்குது. அந்த ஆறு பேரையும் வரச் சொல்லும்மா, தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறேன்” என்றார்.

மாமாவிடம் இருப்பது நான்கு அறைகள். அவற்றில் இரண்டை மட்டும்தான் அந்தத் தளத்தில் விட்டிருக்கிறார். அன்று அதில் ஒன்று போய்விட்டது. ஆகவே, தளம் சொன்னது பொய் இல்லை. ஆனால், அதைப் படிக்கும் ஒருவர் ‘உடனே அழுத்தாவிட்டால் கேமரன் மலையில் இடமே கிடைக்காது’ என்று நினைத்துக்கொண்டால், அது உண்மையும் இல்லை.

மாணவ நண்பர்களே, நாம் எல்லாரும் இந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறோம். செமஸ்டர் முடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து பயணம் போவதென்றால், முதலில் திறப்பது இவற்றைத்தான். எந்தச் செயலியில் ஐந்து வெள்ளி குறைவு என்று பார்க்கிறோம். அந்த ஐந்து வெள்ளியை நமக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. செயலி கொடுப்பதாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மாமாவின் கணக்கை நான் எழுதத் தொடங்கும்வரை.

மலையும் மாமாவும்

கேமரன் மலைக்குத் தேயிலை வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் நிறுவனம் வந்தது. காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள். என் பாட்டியும் கூடை சுமந்தவர்தான். என் அம்மாவும் மாமாவும் தோட்ட லயத்தில் பிறந்தவர்கள்.

இன்று அதே சரிவுகள்தாம் இந்த மலையின் முகவரி. எந்தப் பயணச் செயலியிலும் கேமரன் மலை என்று தட்டுங்கள். முதலில் வருவது பச்சைப் பாய் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டத்தின் படம். சுங்கை பாலாஸ் தேயிலை மையத்தில் நின்று படம் எடுக்காமல் மலையிலிருந்து இறங்குபவர்கள் குறைவு. அந்தப் படத்தை வைத்துத்தான் பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் ஆயிரக்கணக்கான அறைகள் விற்கப்படுகின்றன.

மாமா இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டினார். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், வீட்டின் பின்பக்கம் நான்கு அறைகள் கட்டினார். தோட்டத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில், வருபவர்களுக்கு இடம் கொடுத்துச் சம்பாதித்த முதல் ஆள் அவர்தான். எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை.

அப்போது அவருடைய அலுவலகம் முழுவதும் ஒரு 555 புத்தகம்தான். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம். அதில் வருபவர்களின் பெயர், தொலைபேசி எண், எத்தனை பேர் என்று எழுதி வைப்பார். பக்கத்திலேயே குறிப்பும் இருக்கும்: ‘கிள்ளான் டீச்சர் குடும்பம், டிசம்பர், 2 ரூம், சின்னப் பிள்ளைக்குச் சளி, வெந்நீர் வேணும்.’ மறு ஆண்டு டிசம்பரில் அந்த டீச்சரே அழைப்பார். அவர் வராவிட்டால் மாமா அழைத்து நலம் விசாரிப்பார். இப்படித்தான் வியாபாரம் நடந்தது.

நான் செய்த ‘உதவி’

பெருந்தொற்றுக் காலத்தில் மலை வெறிச்சோடிப் போனது. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி நாட்டின் எல்லைகள் திறந்தபோது மாமா கையில் பணமில்லை. 555 புத்தகத்தில் இருந்த பல எண்களுக்கு அழைத்தும் பதில் இல்லை. அது நான் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாரான ஆண்டு. “மாமா, உலகமே செயலியில்தான் இருக்கு. நான் போட்டுத் தர்றேன்” என்று சொல்லி, ஒரு பெரிய முன்பதிவுத் தளத்தில் அவர் வீட்டைப் பதிந்துவிட்டேன். அந்தத் தளத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. எதில் போட்டிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

முதல் வாரத்திலேயே முன்பதிவு வந்தது. இரண்டாம் மாதம் நெதர்லாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாமாவின் தோசையைப் புகழ்ந்து அவர்கள் எழுதிய கருத்துரையை மொழிபெயர்த்துச் சொன்னபோது மாமா பூரித்துப்போனார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அதன்பிறகு தளத்திலிருந்து யோசனைகள் வரத் தொடங்கின. ‘உறுப்பினர்களுக்கு 10 விழுக்காடு கழிவு கொடுங்கள், உங்கள் இடம் அதிகம் பேர் கண்ணில் படும்.’ சரி என்று அழுத்தினேன். ‘கமிஷனைக் கொஞ்சம் கூட்டினால் பட்டியலில் மேலே வருவீர்கள்.’ அதற்கும் சரி என்று அழுத்தினேன். மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவு. விளக்கிச் சொன்னதாக நினைவில்லை. பட்டியலில் மேலே வருவது நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

பத்துக் கடைகள், சில முதலாளிகள்

பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படிக்க வந்தபிறகுதான் இந்தத் துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். புக்கிங்.காம் 1996-இல் நெதர்லாந்தில் சிறிதாகத் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் எக்ஸ்பீடியா பிறந்தது. சீனாவின் சிடிரிப் 1999-இல் வந்தது. இன்று அதன் தாய் நிறுவனத்தின் பெயர் டிரிப்.காம் குழுமம். இந்தோனேசியாவின் டிராவலோகா 2012-இல் வந்தது. நம் ஏர் ஏசியாவும் விமானச் சீட்டோடு நிற்காமல் தங்கும் விடுதிகளையும் தன் செயலியில் விற்கிறது.

இந்தியாவின் ரெட்பஸ் கதை நம்மவர்களுக்குப் பிடிக்கும். 2005-இல் தீபாவளிக்கு ஊருக்குப் போக பெங்களூரில் பேருந்துச் சீட்டுக் கிடைக்காமல் தவித்தார் பனீந்திர சாமா என்ற இளம் பொறியாளர். எந்தப் பேருந்தில் எத்தனை இருக்கை காலி என்பதை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்தார். 2006-இல் நண்பர்களுடன் சேர்ந்து ரெட்பஸ் தொடங்கினார். இன்று மலேசியாவிலும் அந்தச் செயலியில் பேருந்துச் சீட்டு எடுக்கலாம். இந்தத் தளங்கள் உண்மையான ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் பிறந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் பிறந்தபின் நடந்தது வேறு. புக்கிங்.காம் நிறுவனத்தை 2005-இல் அமெரிக்காவின் பிரைஸ்லைன் வாங்கியது. 2007-இல் நம் வட்டாரத்தில் வளர்ந்த அகோடாவையும் வாங்கியது. 2013-இல் விலை ஒப்பிடும் தளமான கயாக்கும் அதன் கைக்குப் போனது. இன்று இவை மூன்றும் புக்கிங் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே குழுமத்தின் பிள்ளைகள். ஹோட்டல்ஸ்.காம் எக்ஸ்பீடியா குழுமத்தைச் சேர்ந்தது. ஒப்பீட்டுத் தளமான டிரிவாகோவின் பெரும்பங்கும் எக்ஸ்பீடியாவிடம்தான். ஸ்கைஸ்கேனரை 2016-இல் சிடிரிப் வாங்கியது.

நாம் அகோடாவில் ஒரு விலை பார்த்து, புக்கிங்.காமில் இன்னொரு விலை பார்த்து, கயாக்கில் ஒப்பிட்டு, ‘மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன்’ என்று திருப்தி அடைகிறோம். மூன்று கடைக்கும் உரிமையாளர் ஒருவரே.

போட்டி எதில் நடக்கிறது?

இந்தக் குழுமங்கள் தங்களுக்குள் கடுமையாகப் போட்டி போடுகின்றன என்பது உண்மை. ஆனால் எதற்காக? மாமாவின் அறையை யாரும் இன்னும் நல்ல அறையாக மாற்றிவிட முடியாது. எல்லாரும் விற்பது அதே கட்டில், அதே சன்னல், அதே மலைக்காற்று. ஆகவே, போட்டி அறையில் இல்லை. நம் விரல் முதலில் எதை அழுத்துகிறது என்பதில்தான்.

முதல் ஆயுதம் விளம்பரம். புக்கிங் ஹோல்டிங்ஸ் 2023-ஆம் ஆண்டில் பெற்ற வருமானம் 2,100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அதில் சந்தைப்படுத்துதலுக்கு மட்டும் செலவிட்டது சுமார் 680 கோடி டாலர். அதாவது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி கூகள் போன்ற தேடுதளங்களுக்குப் போகிறது. கூகளில் மாமா வீட்டின் பெயரையே தட்டினாலும், மேலே வருவது பெரும்பாலும் ஒரு முன்பதிவுத் தளத்தின் விளம்பரம்தான். மாமாவைத் தேடி வருபவரை மாமாவின் வாசலில் நின்று மடக்கிக்கொண்டு போய், மீண்டும் மாமாவிடமே கொண்டுவந்துவிட்டுக் கூலி கேட்பதைப் போன்றது இது.

இரண்டாவது, உறுப்பினர் கழிவு. புக்கிங்.காமின் ‘ஜீனியஸ்’ திட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் சேரும் தங்குமிடங்கள் குறைந்தது 10 விழுக்காடு கழிவு தரவேண்டும். கழிவைப் பெற்றவர் செயலிக்கு நன்றி சொல்கிறார். கொடுத்தவர் விடுதிக்காரர்.

மூன்றாவது, வரிசை. நம்மில் எத்தனை பேர் நான்காம் பக்கம் வரை தள்ளிப் பார்க்கிறோம்? முதல் பத்து இடங்களில் இல்லாத தங்குமிடம் இல்லாததற்குச் சமம். அதனால்தான் கமிஷனைக் கூட்டி மேலே வரச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் கூட்டினால் இருவரும் பழைய இடத்திலேயே இருப்பார்கள். கமிஷன் மட்டும் கூடியிருக்கும்.

நான்காவது, அவசரம். ‘ஓர் அறை மட்டுமே மீதம்’, ‘6 பேர் பார்க்கிறார்கள்’, ‘இந்த விலை இன்னும் 10 நிமிடம்’. யோசிக்கும் நேரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதுதான் இதன் வேலை.

ஒரு சின்னக் கணக்கு

மாமாவின் அறை ஓர் இரவுக்கு 120 வெள்ளி. உறுப்பினர் கழிவு 10 விழுக்காடு போனால் 108. நீங்கள் கட்டுவது இதைத்தான். இந்த 108-இல் அடிப்படைக் கமிஷன் 15 விழுக்காடு. பட்டியலில் மேலே வருவதற்காக நான் கூட்டிக் கொடுத்தது 3 விழுக்காடு. மொத்தம் 18 விழுக்காடு, அதாவது 19 வெள்ளி 44 காசு. மாமா கைக்கு வருவது 88 வெள்ளி 56 காசு.

120 வெள்ளி அறையில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. மிச்சத்தில்தான் போர்வை துவைக்கும் செலவு, வெந்நீருக்கு மின்கட்டணம், அறை சுத்தம் செய்யும் அக்காவின் சம்பளம், காலைத் தோசை எல்லாம்.

இப்போது வேறொரு கணக்கு. அதே விருந்தினர் மாமாவை நேரடியாக அழைத்து, மாமா 105 வெள்ளிக்குக் கொடுத்தால்? விருந்தினருக்கு 3 வெள்ளி மிச்சம். மாமாவுக்கு 16 வெள்ளி 44 காசு கூடுதல். இருவருக்கும் லாபம். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியபோது மாமா என்னைத் திட்டவில்லை. “அப்ப நான் இவ்வளவு நாளா யாருக்கும்மா வேலை செஞ்சேன்?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

நின்றுபோன புத்தகம்

பணம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்று அலமாரியிலிருந்து அந்த 555 புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு எழுத்து நின்றுவிட்டது. அதன்பிறகு வந்தவர்கள் குறைவா? இல்லை. முன்பைவிட அதிகம். ஆனால் அவர்களில் ஒருவருடைய எண்ணும் மாமாவிடம் இல்லை.

தளத்தின் வழி வரும் விருந்தினரின் உண்மையான மின்னஞ்சல் முகவரிகூட மாமாவுக்குத் தெரியாது. தளம் உருவாக்கிய மாற்று முகவரிதான் வரும். பேசுவதென்றால் செயலிக்குள்ளேயே பேச வேண்டும். விருந்தினர் ஊர் திரும்பியபின் அவருக்கு வாழ்த்தும் கழிவும் அனுப்புவது தளம்தான். மறுமுறை அவர் கேமரன் மலையை நினைத்தால் தளத்தைத் திறப்பார். அங்கே மாமா முதல் பத்தில் இருந்தால் உண்டு.

முன்பதிவுத் தளங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிடுகின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். மாமாவின் வீட்டில் அதன் பொருள் இதுதான்: கிள்ளான் டீச்சர் இனி மாமாவின் வாடிக்கையாளர் இல்லை, தளத்தின் வாடிக்கையாளர். மாமா அவர்களுக்கு அறை கொடுக்கும் பலரில் ஒருவர்.

அப்படியானால் தளமே வேண்டாமா?

இல்லை. அப்படிச் சொன்னால் நான் நேர்மையில்லாதவள் ஆவேன். நெதர்லாந்துத் தம்பதி 555 புத்தகத்தைப் பார்த்து வந்தவர்கள் இல்லை. நடுராத்திரியில் முன்பதிவு எடுக்க மாமாவால் முடியாது. முன்பின் தெரியாதவர்களின் கருத்துரைகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. முகநூலில் போலி ஹோம்ஸ்டே விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டி, குடும்பத்தோடு வந்து இல்லாத வீட்டைத் தேடி அலைந்தவர்களின் செய்திகளைப் பள்ளி விடுமுறைதோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். அந்த ஆபத்தைத் தளங்கள் குறைக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரு கூலி உண்டு. அது நியாயம்.

நான் கேட்பது, அந்தக் கூலி எத்தனை முறை என்பதுதான். கல்யாணத் தரகரை நினைத்துப் பாருங்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்தவருக்குத் தரகு கொடுப்பது முறை. ஒவ்வொரு திருமண நாளுக்கும் அவர் வந்து தரகு கேட்டால் கொடுப்போமா? விருந்தினரையும் விடுதிக்காரரையும் முதல்முறை அறிமுகம் செய்துவைத்த தளத்துக்குக் கமிஷன் தரலாம். இருவரும் பழகியபின், இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் எதற்கு?

மற்ற நாடுகள் கேட்ட கேள்விகள்

இது மாமாவின் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. பல நாடுகள் இதே கேள்விகளைக் கேட்டிருக்கின்றன.

பிரிட்டனில் போட்டி, சந்தைகள் ஆணையம் விசாரித்தபின், 2019-இல் எக்ஸ்பீடியா, புக்கிங்.காம், அகோடா, ஹோட்டல்ஸ்.காம், ஈபுக்கர்ஸ், டிரிவாகோ ஆகிய ஆறு தளங்கள் தங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்வதாக உறுதியளித்தன. ‘கடைசி அறை’ போன்ற அழுத்தங்கள், தவறான கழிவு விளம்பரங்கள், மறைந்திருக்கும் கட்டணங்கள், கமிஷனால் மாறும் வரிசை ஆகியவையே அங்கே கேள்விக்குள்ளாயின.

ஆஸ்திரேலியாவில் டிரிவாகோ பயனீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. மலிவான விலையை முன்னால் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, தனக்கு அதிகம் கட்டணம் தரும் தளங்களின் விலைக்கு அது முக்கியத்துவம் கொடுத்திருந்தது. 2022-இல் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

‘எங்கள் தளத்தைவிடக் குறைந்த விலைக்கு உன் சொந்தப் பக்கத்தில்கூட விற்கக் கூடாது’ என்ற நிபந்தனையும் விவாதத்துக்கு உள்ளானது. பிரான்ஸ் 2015-இல் சட்டம் போட்டே அதைத் தடுத்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், இத்தகைய நிபந்தனைகள் உள்ளிட்ட காரணங்களுக்காக மேக்மைட்ரிப் குழுமத்துக்குச் சுமார் 223 கோடி ரூபாயும், அதனோடு கூட்டுச் சேர்ந்த ஓயோவுக்குச் சுமார் 168 கோடி ரூபாயும் அபராதம் விதித்து உத்தரவிட்டது. 2024 ஜூலையில் ஸ்பெயின், விடுதிகளுக்கு நியாயமற்ற நிபந்தனைகள் விதித்ததாகப் புக்கிங்.காமுக்கு 41 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடு செய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியப் போட்டி ஆணையம் மின்னிலக்கப் பொருளாதாரம் பற்றிய தன் சந்தை ஆய்வில் இணையப் பயண முகவர்களையும் ஒரு துறையாகச் சேர்த்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. அந்த ஆய்வு பெரிய ஹோட்டல்களின் குரலோடு நின்றுவிடாமல், தானா ராத்தாவில் நான்கு அறை வைத்திருப்பவரின் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய ஹோட்டலுக்குச் சந்தைப்படுத்தும் பிரிவு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். மாமாவுக்கு இருப்பது எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருந்த மருமகள் ஒருத்திதான்.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு.

ஒன்று, அவசர வரியைக் கண்டால் கைப்பேசியை ஐந்து நிமிடம் கீழே வையுங்கள். ‘எங்கள் தளத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அந்தத் தளத்தின் கணக்கு. அந்த வீட்டின் கணக்கு இல்லை. கடைசிப் பக்கம்வரை போய், வரியும் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையைப் பார்த்தபின் ஒப்பிடுங்கள்.

இரண்டு, தளத்தில் தேடுங்கள், கருத்துரைகளைப் படியுங்கள். பிறகு அந்தத் தங்குமிடத்துக்கு ஒருமுறை அழையுங்கள். விலை மட்டுமல்ல, செயலி சொல்லாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள். திங்கட்கிழமை தேயிலை மையம் திறந்திருக்குமா, தாப்பா வழியாக வருவதா, சிம்பாங் பூலாய் வழியாக வருவதா, சனிக்கிழமை பிரிஞ்சாங்கில் எத்தனை மணிக்கு நெரிசல் தொடங்கும் என்பதெல்லாம் மலையில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத வங்கிக் கணக்கில் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். கருத்துரையும் வரைபடத்தில் இடமும் இல்லாத வீடென்றால் தளத்தின் வழியே போவதுதான் பாதுகாப்பு.

மூன்று, முதல்முறை தளத்தின் வழி போயிருந்தால் அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு நேரடியாகப் போகாதீர்கள். உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது தளம்தான். அந்தக் கூலி அதற்கு உரியது. தங்கிவிட்டுக் கிளம்பும்போது, பிடித்திருந்தால் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நேரடியாக அழையுங்கள்.

நான்கு, ஏமாற்றப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் செயல்படும் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை 5 வெள்ளிக் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாணவர்களான நம் பட்ஜெட்டுக்கு ஏற்ற நீதி இது.

கடைசியாக, தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் உறவினர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். வணிகவியலோ கணினியோ படிக்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுப்பது நமக்கு அரைமணி நேர வேலை. ஆனால் தொடங்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிடக் கூடாது. கூகள் வரைபடத்தில் கடையையும் எண்ணையும் இலவசமாகவே பதியலாம். தளங்களின் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்து, எங்கே கழிவு, எங்கே கமிஷன் என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். நான் அந்த வேலையைச் செய்யவில்லை. எனக்கு இரண்டு மொழியும் தெரியும், மாமாவுக்கு அந்தத் திரையின் மொழி தெரியாது. அவருக்காக ‘சரி’ என்று அழுத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் படிக்காமலேயே அழுத்தினேன்.

இந்த முறை ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். மாமாவுக்கும் படித்துச் சொன்னேன். இணையத்தில் அறிவிக்கும் விலையைப் பற்றித்தான் அது பேசுகிறது. பழைய விருந்தினருக்குத் தொலைபேசியில் சொல்லும் விலையைப் பற்றிப் பேசவில்லை. கூடுதல் 3 விழுக்காட்டை நீக்கிவிட்டோம். தளத்தை விடவில்லை. கடையில் ஒரு புதிய 555 புத்தகம் வாங்கி, ஒரு பேனாவோடு கூடத்து மேசையில் வைத்திருக்கிறோம். கிளம்பும்போது, விருப்பம் இருப்பவர்கள் தாங்களே பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

முதல் இரண்டு மாதத்தில் பத்தொன்பது பெயர்கள் சேர்ந்திருந்தன. சென்ற வாரம் விடுதியில் நான் படித்துக்கொண்டிருந்தபோது மாமா அழைத்தார். சிரம்பானிலிருந்து போன டிசம்பரில் வந்த கல்லூரி மாணவர்கள் மறுபடியும் வருகிறார்களாம், இந்த முறை நேரடியாக அழைத்தார்களாம். “105 சொன்னேன்மா. அந்தப் பையன் கேக்கிறான், அங்கிள், அதே தோசை உண்டான்னு.”

நீங்கள் அடுத்த பயணத்துக்கு அறை தேடும்போது, அழுத்துவதற்கு முன் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மறுமுனையில் எடுப்பவர் யாருடைய மாமாவாகவோதான் இருப்பார்.